என் சட்டைப் பையில் ஐந்து ஈயக்குண்டுகள்

தெருமுனையில் திரும்பும்போதே "நைனா" என்று கூப்பிட்டுக்கொண்டு வரும் என் கங்கா கண்ணுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போகிறது. பத்தாவது வரை பள்ளிக்கூடத்தில் எழுதிய கடிதமெல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். உன்னிடம் அதைக் கேட்க முடியாது. இங்கே நாங்கள் நலம் என்றும் எழுத முடியாது. பிறகு எதைத்தான் எழுதுவது, நீயே சொல்லு?

நஸ்ரின்தான் எழுதச் சொன்னாள். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை பஸ்ஸில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து காலேஜுக்கு வருவாளே, அவள்தான். உங்கள் டிபார்ட்மென்ட் மலரில் உன் போட்டோ போடப் போகிறார்களாம். "அங்கிள், அவளைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அவகிட்டயே பேசுற மாதிரி எழுதுங்க, தானா வரும்" என்றாள். ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவனுக்கு எழுத்து எங்கேம்மா வரும் என்று தட்டிக் கழித்தேன். அவள் விடுவதாக இல்லை. பேனாவையும் அவளே வைத்துவிட்டுப் போனாள்.

மலரில் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாக எழுதுவார்கள். நான் எழுதப்போவது என்னைப் பற்றி. உன் ராக்கெட் ஏன் விழுந்தது என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும். அந்தப் பாவி நான்தான். மூன்று வாரமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சோறு இறங்கவில்லை.

அந்தப் பெட்டி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால். ராக்கெட் கிளப்பில் இந்த வருஷம் பெரிய கிட்டை உன்னைக் கட்டச் சொல்லிவிட்டார்கள் என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடியே வந்தாய். உள்ளே உன் தோள் உயரத்துக்கு ஒரு குழாய், கூரான பிளாஸ்டிக் மூக்கு, வாலில் இறக்கை மாதிரி ஒட்ட மரப்பலகையில் வெட்டிய மூன்று செட்டை, சிவப்பாக ஒரு பாராசூட். "இன்னாடி இது, தீபாவளி ராக்கெட்டுக்கு அண்ணனா?" என்று கேட்டேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்மா கிண்டல் பண்ணாத நைனா. இது பெரிய மோட்டாரு. லைசென்ஸ் வெச்சிருக்கிற சார் கையிலதான் மோட்டாரே இருக்கும். நேரா மேல போயி, பாராசூட் விரிஞ்சு, ஒடையாம கீழ வரணும். அப்பதான் பாஸு. காலேஜ்ல இதுவரைக்கும் பொண்ணு யாரும் பண்ணல, தெரியுமா?"

வீட்டு வாசலில் கவிழ்த்துப் போட்ட படகுக்கு நான் ரெசின் பசை தடவிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் பாயைப் போட்டு நீ குழாயோடு உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் குழாயின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதன் கீழே விரலை வைத்துக் காட்டினாய். முழுசாகக் கட்டி முடித்த பிறகு கனம் இந்தக் கோட்டில், இல்லாவிட்டால் இதற்கு முன்னால், மூக்குப் பக்கம், நிற்க வேண்டும். பின்னால் போய்விட்டால் மேலே போகாது, கரணம் போடும் என்றாய்.

நான் சிரித்தேன். "படகுல போய் இந்தக் கதைய சொல்லு. அணியம், அதான் முன்பக்கம், கனத்துச்சுன்னா அலைக்குள்ள மூக்க வுட்டுக்கும். முகத்துவாரம் தாண்ட முடியாது. கனம் எப்பவும் பின்னாடிதான் இருக்கணும், எஞ்சின் இருக்கிற எடத்துல."

"அது தண்ணி நைனா. இது காத்து" என்றாய்.

அவ்வளவுதான் சொன்னாய். அதைக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

அப்புறம் மழை வந்தது. உனக்குக் காய்ச்சல் வந்தது. உங்கம்மா முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். "மழைக்கு வர்ற ஜொரம்தான், எனக்குத் தெரியாதா? ரெண்டு மாத்திரை போட்டா ஓடிப்பூடும்" என்று சொன்னவன் நான். கடையில் மாத்திரை வாங்கி வந்தவனும் நான். நாலாம் நாள் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் என் முகத்தைப் பார்த்து, ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். உங்கம்மா அந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், திட்டியிருந்தால், எனக்குக் கொஞ்சமாவது மூச்சு வந்திருக்கும்.

பெட்டியை அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே உன் துப்பட்டாவைப் போட்டு மூடிவிட்டாள். ஆறு மாதம் அது அங்கேயே கிடந்தது. வீடு கூட்டும்போது துடைப்பம் அதில் படாமல் சுற்றிக்கொண்டு போவாள்.

மீன்பிடித் தடைக்காலம் வந்து படகெல்லாம் கரையேறியது. எனக்கு ஒட்டுப் போடும் வேலை குவிந்து கிடந்தது. ஒரு மத்தியானம் கையில் ரெசின் டப்பாவோடு உள்ளே போனவன், என்ன தோன்றியதோ, பெட்டியை வெளியே இழுத்துவிட்டேன்.

"இன்னாய்யா பண்ற? பொண்ணு ஜாமான்ல கை வெக்கிற?" என்று உங்கம்மா பாய்ந்து வந்தாள்.

"பாதியில வுட்டுட்டுப் போயிருக்கா. முடிச்சுக் குடுக்கறேன்."

"முடிச்சா வந்துடுவாளா?"

நான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "எத புடிச்சுக்கணும், சொல்லு" என்றாள். செட்டை ஒவ்வொன்றும் காய்கிற வரை அவள்தான் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

கிட்டோடு வந்த தாளில் படம் போட்டிருந்தது. செட்டை ஒட்டும் இடத்தில் மெல்லிசாக ஒரு வரி பசை போதும் என்று படத்தைப் பார்த்தாலே தெரியும். எனக்கு அது போதவில்லை. மோட்டார் உட்காருகிற இடமாச்சே, ஆட்டம் கண்டுவிட்டால்? எஞ்சின் மாட்டும் பின்பக்கத்துக்குப் படகில் போடுகிற மாதிரி ஃபைபர் மேட்டை வெட்டி, மூன்று அடுக்கு வைத்து, ரெசின் ஊற்றி இழைத்தேன். என் கண்ணு ராக்கெட் எந்த அடி பட்டாலும் உடையக் கூடாது. பளபளவென்று இருந்தது. தட்டிப் பார்த்தால் புதுப் படகு மாதிரி சத்தம் கேட்டது. பெருமையாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

நஸ்ரினுக்குப் போன் போட்டேன். அவள் அழுதாள். அடுத்த வாரமே கிளப்பில் ராக்கெட் விடும் நாள், சாரிடம் பேசுகிறேன், கங்கா பேரிலேயே விடலாம் என்றாள். முந்தின நாள் வீட்டுக்கு வந்து ராக்கெட்டைக் கையில் வாங்கியவளுக்கு முகம் மாறிவிட்டது.

"அங்கிள், பின்னாடி இவ்ளோ கனமா இருக்கே."

"நல்லா ஸ்ட்ராங்கா போட்டிருக்கேம்மா."

மோட்டார் கனத்துக்குச் சரியாகக் கொண்டுவந்திருந்த மணல் பொட்டலத்தைப் பின்னால் செருகி, அவள் குழாயை விரலில் நிறுத்திப் பார்த்தாள். உன் கோட்டுக்கு நாலு விரற்கடை பின்னால் நின்றது. போட்ட ரெசினைத் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் மூக்கில் கனம் சேர்க்க வேண்டும், மோட்டார் பெரியது, கொஞ்சம் கனம் தாங்கும் என்றாள். தேய்த்து எடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. உங்கம்மா பிடித்து, நான் ஒட்டியது. அதனால் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு எடுத்து வந்தேன். ஒவ்வொன்றாகச் சேர்த்து, எட்டாவது குண்டில் ராக்கெட் உன் கோட்டில் வந்து நின்றது. மூக்குக்குள் இருக்கும் இரும்பு வளையத்தில் எட்டையும் நைலான் கயிற்றில் கோத்துக் கட்டினேன். "முடிச்சு நீங்க போட்டா போதும் அங்கிள், உங்கள விட யாரு நல்லா போடுவா" என்றாள் அந்தப் பிள்ளை. என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னாள்.

நம்ம ஊர்ப் பக்கம் பறக்கவிட முடியாது என்று உனக்குத் தெரியும். நம் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் பெரிய ராக்கெட் விடுகிற இடம். அது போகிற அன்றைக்கு நாம் கடலில் இறங்கக் கூடாது, நம் பக்கத்திலிருந்து சின்னது ஒன்றுகூட என்றைக்கும் மேலே போகக் கூடாது. அதனால் காலேஜ் வேனில் இரண்டு மணி நேரம் மேற்கே போனோம். தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஓர் ஏரி. அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள். கடல்காற்று ஏறுவதற்குள் விட்டுவிட வேண்டும் என்று காலையிலேயே வேலையை ஆரம்பித்தார்கள்.

வழியெல்லாம் ராக்கெட் என் மடியில்தான் இருந்தது. மூக்குப் பக்கம் கனத்துத் தொங்கிக்கொண்டே வந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே ஈயம் முட்டுகிற சத்தம். நாற்பது வருஷமாகத் தண்ணீரோடு இருக்கிறவன் நான். ஈயம் கட்டிய எதுவும் மேலே போய் நான் பார்த்ததில்லை. வலையை அடிக்குக் கொண்டுபோகத்தானே அதைக் கட்டுகிறோம்? அணியம் கனத்து அலைக்குள் போன படகுகள் எல்லாம் கண் முன்னால் வந்தன. இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், ஒருத்தராவது முகத்துவாரம் தாண்டியிருப்பார்களா என்று நினைத்தேன். "அது தண்ணி, இது காத்து" என்று நீ சொன்னதும் ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்கிற திமிர் இருக்கிறதே, அது என்னை விட்டு எப்போது போயிருக்கிறது?

மேஜையில் வைத்து சார் எல்லாம் சரி பார்த்தார். மோட்டார் மாட்டினார். விரலில் நிறுத்திப் பார்த்தார். உன் கோட்டில் சரியாக நின்றது. "கங்கா போட்ட கோடு, அப்படியே வந்திருக்கு" என்று சொல்லி நோட்டில் டிக் போட்டார்.

கம்பத்தில் ஏற்றியதும் நான் கேட்டேன். புதுப் படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் நாம் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவோமே, அந்த மாதிரி ஒரு நிமிஷம் பூஜை பண்ணிக்கொள்ளட்டுமா என்று. கற்பூரம் மட்டும் வேண்டாம், மோட்டார் பக்கத்தில் நெருப்பே கூடாது என்றார் சார். குங்குமம் வைக்கலாம், திரியை அப்புறம் மாட்டிக்கொள்கிறேன் என்றார். பெற்றவன் தனியாகக் கும்பிடட்டும் என்று எல்லாரும் மரியாதையாகத் தள்ளிப் போய்த் திரும்பி நின்றுகொண்டார்கள்.

கங்கா, நான் கும்பிடவில்லை.

மூக்கைக் கழற்றினேன். நான் போட்ட முடிச்சு, எனக்கு அவிழ்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எட்டில் ஐந்து குண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மீதி மூன்றைக் கட்டி மூக்கை மாட்டினேன். அதற்கு மேல் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தேன். இப்போதுதான் நேராகப் போகும், என் பெண்ணுக்கு நான் நல்லது பண்ணிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டு நடந்து வந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

வெகு தூரம் தள்ளி எங்களை நிறுத்தினார்கள். பட்டனை என் கையில் கொடுத்தார்கள். பிள்ளைகள் எல்லாம் ஐந்து, நாலு, மூன்று என்று எண்ணினார்கள். நஸ்ரின் உன் போட்டோவை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுத்தினேன்.

புகையும் சத்தமுமாகக் கம்பத்தை விட்டுக் கிளம்பியது. ஒரு தென்னை உயரம் போயிருக்கும். பின்பக்கம் ஆடியது. இரண்டு தடவை அப்படியே கரணம் போட்டது. அப்புறம் நெருப்போடு தரையைப் பார்க்க வந்து, ஏரி மண்ணில் தலைகுத்தியது. எல்லாம் நான் இரண்டு மூச்சு விடும் நேரம்தான். கொஞ்ச நேரம் கழித்து, உடைந்து கிடந்த குழாயில் பாராசூட்டைத் தள்ளிவிடும் மருந்து வெடித்து டப்பென்று ஒரு சத்தம் வந்தது. உன் சிவப்புப் பாராசூட் மண்ணிலேயே வெளியே வந்து விழுந்தது.

அய்யோ கண்ணு. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அது எங்கள் பக்கம் திரும்பியிருந்தால்? நஸ்ரின் மேல் விழுந்திருந்தால்? இன்னொரு வீட்டில் இன்னொரு பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிருக்குமே.

என் மூன்று அடுக்கு ரெசின் மட்டும் உடையவே இல்லை. செட்டை மூன்றும் சின்னக் கீறல்கூட இல்லாமல் இருந்தன. மற்றதெல்லாம் நொறுங்கிப் போயிருந்தது. மூக்கு மண்ணுக்குள் போய்ச் சில்லுச் சில்லாகக் கிடந்தது. அதில் எத்தனை குண்டு இருந்தது என்று யாருக்கும் எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. சார் என் தோளில் கை வைத்தார். "வருத்தப்படாதீங்க. கங்கா போட்ட கணக்குல எங்கேயோ சின்னதா தவறியிருக்கு. நல்லா படிக்கிற பிள்ளைங்களுக்கும் நடக்கிறதுதான்" என்றார். பிறகு நோட்டில் அதையே எழுதினார். என் கண் முன்னால் எழுதினார். உன் பேருக்கு எதிரே.

வாயைத் திறந்திருக்க வேண்டுமா இல்லையா? திறக்கவில்லை. சட்டைப் பையை ஒரு கையால் மூடிக்கொண்டு நின்றேன். நஸ்ரின் தரையில் உட்கார்ந்து, "அவ கோடு சரியா இருந்துச்சே அங்கிள், நேத்து நானே பாத்தேனே" என்று திரும்பத் திரும்ப அழுதாள். வேனில் திரும்பும்போது அவள் என் மேல் சாய்ந்து தூங்கிப் போனாள். பையில் இருந்த ஈயம் அவள் கன்னத்தில் அழுத்தியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து உங்கம்மா துணி துவைக்கும்போது கேட்டாள். "இன்னாய்யா இது, சட்டப் பையில ஈயத்த வெச்சுகினு சுத்தற?" வலை வேலைக்கு எடுத்தது என்றேன். எந்த வலை, நீ ஒட்டுப் போடுறவன்தானே என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து உன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இப்போது தினமும் விளக்கேற்றும்போது அந்த ஐந்தும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ, எனக்குப் புரியவில்லை.

மாத்திரை வாங்கிக் கொடுத்தபோதும் நல்லதுக்குத்தான் செய்தேன். ஈயத்தை எடுத்தபோதும் நல்லதுக்குத்தான் செய்தேன். உன்னை ஒரு தடவை இழந்தது போதாது என்று, நீ விட்டுப் போன கடைசிப் பொருளையும் என் கையாலேயே மண்ணில் குத்திவிட்டேன். பெற்றவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? மன்னித்துக்கொள் என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. நீ இருந்தால் மன்னித்துவிடுவாய். அதனால்தான் கேட்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஊர்ச் சேதி கேட்பாயே. தடைக்காலம் முடிந்தது. படகெல்லாம் இறங்கிவிட்டன. நான் ஒட்டிய ஒரு படகும் கவிழவில்லை, தண்ணீரில் எனக்கு இன்னும் நல்ல பேர்தான். போன வாரம் அந்தப் பக்கமிருந்து பெரிய ராக்கெட் போனது. ஜன்னல் கதவெல்லாம் கடகடவென்று ஆடியது. முன்னெல்லாம் நீ அதைப் பார்க்கக் கரைக்கு ஓடுவாய், உங்கம்மா பின்னாலேயே கத்திக்கொண்டு வருவாள். இந்தத் தடவை அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மட்டும் வாசலில் நின்று பார்த்தேன். நேராகத்தான் போனது.

உடைந்த குழாயில் உன் கோடு இருந்த துண்டு மட்டும் கிடைத்தது. அரை முழம் இருக்கும். வெயிலில் வைத்தால் பென்சில் மங்கிவிடும் என்று துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

நஸ்ரினிடம் இந்தத் தாளைக் கொடுப்பதற்கு முன்னால் உங்கம்மாவை உட்காரவைத்து நானே முழுசாகப் படித்துக் காட்டுவேன், காய்ச்சல் விஷயத்தையும் சேர்த்து. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். திங்கட்கிழமை காலையில் நீ போகிற அதே பஸ்ஸில் ஏறி உங்கள் காலேஜுக்குப் போவேன். ஐந்து குண்டையும் அந்தத் துண்டையும் சாருடைய மேஜை மேல் வைப்பேன். நோட்டை எடுக்கச் சொல்லி, உன் பேருக்கு எதிரே எழுதியதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பேரை எழுதச் சொல்வேன். அவர் எழுதி முடிக்கிற வரை அங்கேயே நிற்பேன். இது சத்தியம், கங்கா.

உன் கோடு சரி. நீ சொன்னது காத்து, நான் கேட்டது தண்ணி.

இருக்கும்போது உன் பேச்சைக் கேட்காத,
உன் நைனா